ஆர்லோ டெட்மரின் ஒரு நாள் முந்திய கண்டனங்கள்

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டே காலுக்கு ஆர்லோ டெட்மர் வானொலியில் கண்டித்த வரி, புதன்கிழமை காலை பத்து மணிக்குத்தான் வாஷிங்டனில் விதிக்கப்பட்டது. நெப்ராஸ்காவின் ரஸ்ட் க்ரீக் ஊரில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பத்தொன்பது வருடமாகப் பன்றி விலைக்கும் மரண அறிவிப்புக்கும் நடுவே எட்டு நிமிடம் உலக நடப்பைப் பிரித்து மேய்கிற மனுஷர். அரசாங்கம் எதைச் செய்தாலும் தப்பாகத்தான் செய்யும் என்று தெரிந்தவர், செய்தி வரும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆர்லோவுக்குத்தான் அவமானமாக இருந்தது. நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகே கருத்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. வீட்டில் ஒன்றை எழுதிக்கொண்டு போவார்; மைக் முன்னால் உட்கார்ந்தால் வாய் வேறொன்றைப் பேசும். ஒருமுறை ஏதோ தீவில் நடந்த ராணுவப் புரட்சியைக் காய்ச்சி எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் உலக வரைபடத்தில் அந்தத் தீவைத் தேடினார். புரட்சி மறுநாள் நடந்தது. விவசாயிகள் அவர் திட்டுவதைக் கேட்டு, விலை விழுமுன்னே கோதுமை விற்றார்கள். வாஷிங்டனிலிருந்து கறுப்புக் கோட்டுப் போட்ட இரண்டு அதிகாரிகள் வந்து, இரண்டு வாரம் வானொலி நிலையத்தில் உட்கார்ந்து செர்ரிப் பழப் 'பை' பலகாரம் தின்று, ஆளுக்கு ஐந்து கிலோ ஏறி, ஒருவர் கட்சியும் மாறி, ஊர் திரும்பினார்கள்.

இப்படியே நான்கு வருடம் ஓடியது. பிறகு அவருடைய ஒரே மகள், மாட்டு டாக்டர் கோரா, மாவட்டக் குழுத் தேர்தலில் நின்றாள். அதுவும் அப்பாவுக்கு ஆகாத ஜனநாயகக் கட்சியில்! ஆற்றுப் பாலம் இற்றுப்போயிருந்தது. பள்ளிக்கூட பஸ் அதைச் சுற்றி முப்பது மைல் போனது. டாலருக்கு அரை சென்ட் விற்பனை வரி போட்டுப் பாலம் கட்டுவேன் என்றாள். வரி என்ற சொல்லைக் கேட்டாலே ஆர்லோவுக்கு நெஞ்சு எரியும். எதிரே நின்றவர் விதைக்கடை வெண்டல் ப்ராக், ஆர்லோவின் நாற்பது வருட நண்பர்.

தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு, மகள் சமைத்துக்கொண்டிருந்தபோது ஆர்லோ சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்கு நான் ரேடியோவுக்குப் போகல. தொண்ட கட்டிருச்சுன்னு சொல்லிடறேன்."

"நல்லாத்தானேப்பா கத்திட்டிருக்கீங்க. போகலேன்னா, பொண்ணுக்காகப் பதுங்கிட்டார்னு ஊரே சிரிக்கும்."

"என் வாய் என்ன சொல்லும்னு எனக்கே தெரியாதுடி. ஊர் முன்னாடி உன்னை நார் நாராக் கிழிச்சுட்டா? அப்புறம் இந்த வீட்டுப் பக்கம் வருவியா?"

கோரா உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே இருந்தாள். மனைவி போன பிறகு அவருக்கு இருந்தது இந்த ஒரு பெண்தான்.

திங்கள் மதியம் மாவட்டமே வேலையைப் போட்டுவிட்டு வானொலியைச் சுற்றி உட்கார்ந்தது. பன்றி விலை முடிந்தது. ஆர்லோ வாயைத் திறந்தார்.

"நம்ம மாவட்டம் ஒரு பெரிய தப்பு பண்ணிருச்சு. கோரா டெட்மர் ஜெயிச்சுட்டா. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். வெக்கத்த விட்டுச் சொல்றேன், அந்த ஓட்டு என்னோடது."

வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. காபிக் கடையில் வெண்டல் முறைத்தார்.

"என்னய்யா ஆர்லோ, கட்சி மாறிட்டியாமே?"

"இன்னும் இல்ல. நாளைக்குத்தான்."

செவ்வாய்க்கிழமை வெண்டலின் ஆட்கள் காலில் மாவுக்கட்டுப் போட்டவரையும் தூக்கிவந்து ஓட்டுப் போட வைத்தார்கள். கோராவின் ஆட்கள் பிரசவ வலி எடுத்த ஒருத்தியை ஆஸ்பத்திரி போகும் வழியில் ஓட்டுச்சாவடியில் இறக்கினார்கள். ஓட்டு ஏறிக்கொண்டே போனது. ஆர்லோ கடைசியாக வந்து, மறைப்புக்குள் இருபது நிமிடம் நின்றார். அவருடைய வாய்தான் முந்திப் போனதே தவிர, கையை யாரும் பிடிக்கவில்லை. வெண்டல் பெயருக்கு நேரே பேனாவைக் கொண்டுபோனார். பனிக்காலத்தில் கன்று போடும் மாட்டைப் பார்க்கக் கோரா அந்த இற்றுப்போன பாலத்தில்தான் வண்டி ஓட்டிப்போகிறாள் என்பது ஞாபகம் வந்தது. வரியை வெறுப்பதைவிட மகள் மேல் பாசம் அதிகம் என்று தெரிந்ததில் அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே கோராவுக்குக் குறி போட்டார்.

எண்ணி முடித்தபோது கோராவுக்கு ஒரே ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி. மறுபடி எண்ணட்டுமா என்று வெண்டலைக் கேட்டார்கள்.

"எதுக்கு? அதான் திங்கக்கிழமையே ரேடியோல சொல்லியாச்சே," என்று அவர் கடையைத் திறக்கப் போனார்.

கோரா அப்பாவைக் கட்டிக்கொண்டாள். "விடு, விடு. அந்த வரிய நான் கடைசி மூச்சு வரைக்கும் எதிர்ப்பேன்," என்றார் ஆர்லோ, கண்ணைத் துடைத்தபடி.

சொன்னபடியே செய்தார். ஜனவரியில் அவள் பதவியேற்ற முதல் வாரம், புதன்கிழமை மதியம், முக்கால் சென்ட் வரியா, அடுக்குமா இந்த அநியாயம் என்று எட்டு நிமிடமும் பொரிந்து தள்ளினார். அரை சென்ட் மட்டுமே கேட்பதாக இருந்த கோரா வண்டியை ஓரங்கட்டி, முக்கால் என்று உள்ளங்கையில் குறித்துக்கொண்டாள். மறுநாள் கூட்டத்தில் அதையே கேட்டாள். எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. அதான் ஆர்லோ பேசிவிட்டாரே.