கோணிக்குள் எல்லைக்கல்

விசாரணைக்கு வந்திருந்தவர்கள்: நில அதிகாரி, சர்வேயர், எழுத்தர், ஒரு போலீஸ்காரர், மனு போட்ட கொத்தனார், அவருடைய மருமகன். பெஞ்சில் கோணி சுற்றிய ஏதோ ஒன்றும் இருந்தது. அதைத் தொட்டபடியே உட்கார்ந்திருந்தார் கொத்தனார்.

அவர் தன் கையாலேயே கட்டிய வீடு சொந்த நிலத்தில் நிற்கிறதா, அரசாங்க நிலத்தில் நிற்கிறதா என்பதுதான் வழக்கு. அரசாங்கத்தது என்றால் இடிப்பார்கள். பழைய அளவையில் நட்ட கற்கள் மூன்று. இரண்டை, ரோடு போட வந்த இயந்திரம் மண்ணோடு மண்ணாக்கிவிட்டது. மிஞ்சியது வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒன்று. அதிலிருந்துதான் திங்கட்கிழமை அளக்கப் போகிறேன் என்று சர்வேயர் தொடங்கினார்.

கொத்தனார் முந்திக்கொண்டு கோணியை விலக்கினார்.

"கல்லு பத்திரமா இருக்குங்கய்யா. கழுவிக்கூட வச்சிருக்கேன்."

எழுத்தர் பேனாவை மூடினார்.

ஆதாரங்கள் அனைத்தையும் நேரில் கொண்டுவர வேண்டும் என்று நோட்டீஸில் இருந்ததைப் படித்துக் காட்டியது மருமகன்தான். விட்டால் இதையும் மெஷின் தின்றுவிடும், பிடுங்கிவிடலாம் மாமா என்றதும் அவன்தான். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

குழியாவது இருக்கிறதா என்று சர்வேயர் கேட்டார். கேட்ட விதத்தில் கெஞ்சல் இருந்தது. குழியைத் திறந்து போடுகிற கொத்தனாரா அவர்? மண் தள்ளி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, பின்கட்டு முழுக்க சிமென்ட் பூசிவிட்டார். ஒரு மேடு பள்ளம் தெரியாது என்று பெருமையாகவே சொன்னார். வேண்டுமானால் உடைத்து இடத்தைக் காட்டுகிறேன் என்றார்.

"நீ காட்டுற இடத்த நான் எப்படிய்யா நம்புறது?" என்றார் அதிகாரி. "நட்ட இடத்துல இருந்தாத்தான் எல்லைக்கல்லு. இங்க அது துணி தொவைக்கத்தான் ஆகும்."

எல்லைக்கல்லைப் பிடுங்குவது குற்றம் என்பதையும் சொன்னார். ஒரு ஆள் தூக்குகிற கல் இல்லையே, கூட யார் என்று விசாரித்தார். கொத்தனார் மருமகனைப் பார்த்தார். மருமகன் மின்விசிறியைப் பார்த்தான்.

"மாமா தனியாத்தான் சார் தூக்குனாரு. யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு."

அவனுக்குக் கட்டிக்கொடுத்த மகளுக்கு இது எட்டாம் மாதம். இனி அவளுக்கு அவன் வீட்டை விட்டால் வேறு கூரை கிடையாது.

"ஆமாங்கய்யா," என்றார் கொத்தனார். "நான் மட்டுந்தான்."

அளக்க ஒரு கல்லும் இல்லாததால் வீடு அரசாங்க நிலத்தில் இருப்பதாக எழுத்தர் எழுதினார். ஸ்டேஷன் வண்டி வரும்வரை கல்லையும் ஆளையும் பின்னறையில் வைக்கச் சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த வழக்கின் கோப்பைப் பிரித்தார்.

கல்லைத் தூக்கும்படி போலீஸ்காரர் மருமகனிடம் சொன்னார். இரண்டு முறை முக்கினான். அசையவில்லை. சர்வேயர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தப் பக்கம் புடி மாப்பிள்ள," என்று கொத்தனார் குனிந்தார். "முதுகு புடிச்சுக்கும்."

இருவருமாகத் தூக்கிப் போய் இறக்கினார்கள். மருமகன் கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தான். கொத்தனார் உள்ளே கல்லை ஆடாமல் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் கதவைச் சாத்திப் பூட்டினார்.