அண்ணன் பெயரில் ஓர் ஓட்டம்

இது காவிரியில் தண்ணீர் கூடியிருந்த மாதமா, குறைந்திருந்த மாதமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பரிசல் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் குறைந்திருந்த மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். அண்ணனும் தம்பியும் இதை ஒரே மாதிரி சொன்னதும் கிடையாது.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் குப்புராஜ், பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறையேறும்போது மயங்கி விழுந்தார். தருமபுரியில் எக்கோ ஸ்கேன் எடுத்ததில் இதயத் தசை தடித்திருப்பது தெரிந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் துடுப்பைத் தொடக்கூடாது என்று பரிசல்காரர் சங்கம் சொல்லிவிட்டது. சீட்டு வேண்டுமென்றால் டிரெட்மில்லில் ஓட வேண்டும். மூச்சு வாங்கும்போதே படுக்கவைத்து, இதயம் எப்படித் தாங்குகிறது என்று மறுபடி எக்கோ எடுப்பார்கள். இருபத்தைந்து வருடம் பரிசலில் குந்தியே பிழைத்த குப்புராஜுக்குத் தன் கால்மேல் நம்பிக்கை இல்லை.

தம்பி சந்திரமோகனுக்குக் கால்மேல் மட்டும்தான் நம்பிக்கை. மொரப்பூர் உரக்கடையில் வேலை. தினமும் ஸ்டேஷன்வரை ஓடிவிட்டு வந்து, ஓடாதவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார். இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே முன்வழுக்கை. முதலில் பார்த்த டாக்டர் மாற்றலாகியிருந்தார்.

"நீ சும்மா பக்கத்துல நில்லுண்ணா. உன் பேருல ஒரு ரெக்கார்டே வெச்சுட்டு எறங்கறேன்."

"ரெக்கார்டெல்லாம் வேணாண்டா. அம்பது வயசுக்காரன் மாதிரி ஓடு, போதும்."

புது டாக்டர் பாரதி சந்திரமோகனின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இயந்திரத்தை முடுக்கினார். மூன்றாவது நிமிடம் சந்திரமோகன் அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்தார். ஆறாவது நிமிடம் கண்ணடிக்கவில்லை. எட்டாவது நிமிடம் டாக்டரே இயந்திரத்தை நிறுத்தி, அவரைக் கட்டிலில் சாய்த்தார்.

குப்புராஜ் தம்பியின் காதருகே குனிந்தார். "நடிச்சது போதும்டா. சீட்டு போயிரும்."

டாக்டர் எக்கோ கருவியை நெஞ்சில் வைத்தார். திரையில் கறுப்பு வெள்ளையாக ஏதோ துடித்தது.

"ஓட ஓட பிரஷர் ஏறணும். உங்களுக்கு எறங்குது, குப்புராஜ்," என்றார் டாக்டர். "தடிப்பும் போன ரிப்போர்ட்டை விடக் கூடியிருக்கு. இனி ஓடவே கூடாது."

"அண்ணா, என்னாண்ணா சொல்றாங்க?" என்றார் படுத்திருந்தவர்.

டாக்டர் இருவரையும் பார்த்தார். "யாருக்கு யாரு அண்ணன்?"

"பயத்துல ஒளர்றான் மேடம்," என்றார் குப்புராஜ்.

டாக்டர் எழுதத் தொடங்கினார். வாயை மூடிக்கொண்டால் சேலத்தில் வேறு டாக்டரிடம் வேறு ஆளை ஓடவிடலாம். வாயைத் திறந்தால் துடுப்பு இன்றோடு சரி. ஆனால் இந்தத் தம்பி நாளைக் காலையும் எழுந்து ஓடுவான். குப்புராஜ் திரையைப் பார்த்தார்.

"மேடம், பேரு என்னுது. நெஞ்சு அவனுது."

பேனா நின்றது. "அப்ப உங்க நெஞ்சு எங்க?"

"சட்டைக்குள்ளதான் மேடம் இருக்குது."

"கழட்டுங்க சட்டைய. இது கூடப் பொறந்தவங்களுக்கும் வர்ற வியாதி. தம்பியையும் பாக்கணும்னு அப்பவே சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க மேடம். தெனமும் ஓடறவனுக்கு எதுக்குன்னு நாங்கதான்..."

குப்புராஜ் நான்கு நிமிடம் ஓடினார். சீட்டு கிடைக்கவில்லை. இப்போது பரிசல் துறையில் பயணிகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறார். அவருடைய பரிசலை மைத்துனர் மாதவராஜ் ஓட்டுகிறார். சந்திரமோகன் மாத்திரை சாப்பிடுகிறார். ஸ்டேஷனுக்கு மெல்ல நடந்துபோய், ஓடுகிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார். அவர் மகள் பிரியதர்ஷினிக்கும் எக்கோ எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. டாக்டர் பாரதி இப்போதெல்லாம் யாரை ஓடவிடுவதற்கு முன்பும் ஆதார் அட்டையை வாங்கிப் பார்க்கிறார்.