வியாழக்கிழமைத் தண்ணீர்

வாய்க்காலில் வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தண்ணீர் பெர்னார்தாவின் வயலுக்கு. அந்த வியாழன் வெயில் ஏறியும் ஒரு சொட்டு வரவில்லை. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரம். இந்த முறை தவறினால் தட்டைதான் மிஞ்சும்; கணவனை இழந்தவளுக்கு வேறு வயலும் கிடையாது.

மடையைத் திறக்க வேண்டியவன் இலாரியோ. பாதிரியார்களின் மிஷனில் வளர்ந்த பூர்வகுடி. மிஷன்காரர்களை நம்பினால் இப்படித்தான் என்று, குடியேறியவர்கள் எல்லோரையும் போல அவளும் வைதுகொண்டே கரையோரம் நடந்தாள்.

மடை மூடியே கிடந்தது. வைதபடியே அவன் குடிசைக்குள் தலையை நீட்டினாள். விடியலில் பிறந்த குழந்தை அவன் மனைவி பெத்ராவின் மடியில் நீலம் பாரித்துக் கிடந்தது.

இலாரியோ பதறி எழுந்தான். “தண்ணி திறக்கவே மறந்துட்டேன், அம்மா.”

“தண்ணி கிடக்கட்டும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆச்சா?”

பாதிரியார் அடுத்த மிஷனுக்குப் போயிருந்தார். அவர் கையால்தான் ஆக வேண்டும் என்று இருவரும் பயந்துகொண்டு காத்திருந்தார்கள். உயிர் ஊசலாடும்போது எந்தக் கிறிஸ்தவர் ஊற்றினாலும் ஆண்டவர் ஏற்பார் என்று சொல்லி, பெர்னார்தா குடத்துத் தண்ணீரை அள்ளி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் அந்தச் சிறு தலையில் ஊற்றினாள்.

இனி அவள் ஞானத்தாய். பாதிரியார் வந்து எண்ணெய் பூசும்வரை குழந்தை அவள் மடியில்தான் இருக்க வேண்டும். அது அந்தப் பக்கத்து வழக்கம். இலாரியோ மடையைத் திறக்கக் கிளம்பினான். வயலில் ஆளில்லாமல் தண்ணீர் விட்டால் பாத்தி உடைந்துவிடும் என்று தடுத்து, அவனைப் பாதிரியாரிடம் விரட்டினாள். குழந்தையை நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுத்தபடி ஜெபம் சொன்னாள். இடையிடையே சோளமும் நினைவில் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

பாதிரியார் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எண்ணெய் பட்டதும் குழந்தை சிணுங்கி அழுதது. இலாரியோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஞானத்தாயை வீட்டார் அழைக்கும் முறையில் அவளை முதல்முறையாக அழைத்தான்.

“கொமாத்ரே, நாளைக்கு என் முறை. விடிஞ்சதும் உங்க பக்கம் விடறேன்.”

“உன் சோளம் என்ன பாவம் பண்ணிச்சு? மத்தியானம் வரைக்கும் போதும்.”

“போதாது.”

“வாதாடாதே. ஞான உறவாயிட்டோம், இனிமே நமக்குள்ள சண்டை பாவம்.”

படுத்திருந்த பெத்ரா சிரித்துவிட்டாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் பெர்னார்தாவின் வயலில் கீழ்க்கோடி வரிசைகள் நனையாமல் இருந்தன. ஒருமுறை அவற்றைப் பார்த்தாள். பிறகு கரையேறிப் போய், தண்ணீரைத் தன் கையாலேயே இலாரியோவின் வயலுக்குத் திருப்பிவிட்டாள்.