கல்லில் விட்ட இடம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்பட்டறையில் கிடைத்தது. சமையல் மேடைக்குப் பலகைக்கல் பார்க்கப் போயிருந்தேன். மாண்டினீக்ரோ மலையில், ஷாவ்னிக் பக்கம் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். இங்கே ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே தங்கள் கல்லறைக் கல்லை வெட்டி நட்டுவிடுவார்கள். பெயர், படம், பிறந்த வருடம், கீழே ‘உயிரோடிருக்கையில் தனக்குத் தானே எழுப்பினான்’ அல்லது ‘எழுப்பினாள்’. இறந்த வருடத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். மிச்சமிருக்கிற உறவு வந்து அதை வெட்டச் சொல்லும்.

சுவரில் சாய்த்திருந்த ஒரு கல்லில் இரண்டு இடம் காலியாக இருந்தது. ஒன்று எதற்கென்று தெரியும். இன்னொன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

ஸ்தானே பட்டறைக்குள் வந்தான். [அடித்துவிட்டேன்.]

ஸ்தானே பட்டறைக்குள் வந்தாள். [இதையும்.]

ஸ்தானே பட்டறைக்குள் வந்தார்.

பாருங்கள், தமிழில் எழுதுவதில் எவ்வளவு சொகுசு! மரியாதை கொடுக்கிற சாக்கில் ஒளிந்துகொள்ளலாம். ஹங்கேரிக்காரர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது, எல்லோருக்கும் ஒரே சொல். இந்த மலையில் அதெல்லாம் நடக்காது. நேற்று என்ன செய்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தாலே ஆணா பெண்ணா என்பது வெளியே வந்துவிடும்.*

* இவர்களுக்குக் கல் ஆண், சாவு பெண். ஜெர்மன்காரர்களுக்குச் சாவு ஆண். செத்தவருக்கு இதில் என்ன வித்தியாசம் என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை.

3

ஸ்தானே யார் என்று சொல்லிவிடுகிறேன். தகப்பனுக்கு இரண்டு பெண்கள், மகன் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் கல்யாணம் வேண்டாம் என்று சத்தியம் செய்து, முடியை வெட்டி, கால்சட்டை போட்டு மகனாகிவிடுவது இங்கே பழைய வழக்கம். மூத்தவரான ஸ்தானே பதினேழு வயதில் செய்தார். அதன்பின் ஆண்களோடு உட்கார்ந்து புகைத்தார், சாவு வீட்டில் ஆண்கள் வரிசையில் நின்றார். ஊரே அண்ணன் என்றது. தங்கை தாரிங்கா கல்யாணம் கட்டி நாலு பிள்ளை பெற்றாள்.

ஸ்தானே தன் கல்லைப் பார்க்கப் பட்டறைக்கு வந்த அன்று காலை கல்வெட்டி விதோயேவின் நிம்மதி போயிற்று.

“அண்ணே, படம் அருமை. தொப்பியும் சிகரெட்டும், அச்சு அசல் நீதான். கடைசியில ‘எழுப்பினான்’னுதானே வெட்டணும்?”

“பின்ன? உனக்கு அதுல வேற சந்தேகமா?”

“எழுப்பினாள்னு வெட்டு.”

வாசலில் தாரிங்கா. பேருந்தை விட்டிறங்கி மேடேறி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. விதோயே உளியைக் கீழே வைத்தான்.

“உன்னை யாரு இங்க கூப்பிட்டா?” என்றார் ஸ்தானே.

“யாரு கூப்பிடணும்? அம்பத்தஞ்சு வருஷமா உன்னை அண்ணன்னேன். ஒரு நாள் வாய் தவறியிருக்கா? நீ சத்தியம் பண்ணலேன்னா அப்பா என்னைப் பண்ண வச்சிருப்பாரு. என் நாலு புள்ளைங்களும் நீ குடுத்தது. எனக்கு ஒரு அக்கா இருந்தாள்னு எங்கயாவது ஒரு இடத்துல எழுதியிருக்க வேண்டாமா?”

[இங்கே ஸ்தானே கண்கலங்கியதாக எழுதியிருந்தேன். பொய். சிகரெட்டைப் பற்றவைத்தார், அவ்வளவுதான்.]

“நான் வாழ்ந்ததை எழுதச் சொல்றேன். வேற மாதிரி வாழ்ந்திருந்தா எப்படி இருந்திருப்பேனோ, எனக்கே தெரியாது. தெரியாததைக் கல்லுல வெட்டக்கூடாது தாரிங்கா.”

“அப்போ எனக்கு அக்காவே இல்லையா?”

மழை வருதா பார்க்கிறேன் என்று விதோயே வெளியே நழுவினான். வானம் வெளுத்துக் கிடந்தது. அவன் திரும்பி வந்தபோதும் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

“அந்த வார்த்தையை விட்டுடு விதோயே,” என்றார் ஸ்தானே. “வருஷம் வெட்ட யாரு வராங்களோ, அவங்களே அதையும் சொல்லட்டும்.”

“நான்தானே வருவேன்?” என்றாள் தாரிங்கா.

“நீதான். உன் இஷ்டம்.”

“நான் முந்திப் போயிட்டேன்னா?”

“போனா, உன் கல்லுக்கு அடியில ‘துக்கத்தோடு, அக்கா’ன்னு நானே வெட்டச் சொல்றேன்டி. ஊரு பார்த்துட்டுப் போகட்டும்.”

தாரிங்கா அங்கேயே, இன்னும் பெயர் வெட்டாத யாருடைய கல்லின்மேலோ உட்கார்ந்து அழுதாள்.

4

முடிவு ஒன்று: ஸ்தானே முந்துகிறார். தாரிங்கா பட்டறைக்கு வந்து, யாரும் எதிர்பாராமல், ‘எழுப்பினான்’ என்றே வெட்டச் சொல்கிறாள். [நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருப்பதால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.]

முடிவு இரண்டு: தாரிங்கா முந்துகிறாள். ஸ்தானே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு விதோயேவிடம்

[முடிக்கக் கை வரவில்லை.]

இரண்டு முடிவையும் அவன் மொழியில் விதோயேவிடம் சொல்லிக் காட்டினேன். “யாரு முந்திப் போறாங்க?” என்றான்.

“ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்காங்க,” என்றேன்.

“அப்புறம் உனக்கு என்ன அவசரம்? உளியை வச்சுக்கிட்டு நான் காத்திருக்கலை?”

சரி, நானும் நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் இதை நீங்கள் எந்த வருடம் படிப்பீர்களோ, அதற்குள் ஒரு கல்லில் வேலை முடிந்திருக்கலாம். நான் ‘அவர்’, ‘வந்தார்’ என்று ஒளிந்துகொண்ட இடங்களிலெல்லாம் நீங்களே சரியானதைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் யார் முதலில் போனது என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.