அஞ்சு மணிக்கு வாங்க அண்ணி

...அப்படியானால் அஞ்சு மணி என்று சொன்னது அவளுக்கு மட்டும்தானா, மற்ற மூவருக்கும் நாலா? காதில் ஹெட்போன், மடியில் வீடியோ கேம் கண்ட்ரோலர், மைக் அணைந்திருக்கிறது, மிக்ஸி சத்தம் கேட்கிறது என்று கொழுந்தன் குறைபட்டதிலிருந்து தன் முறை வரும்வரை அவள் அதைத் திறப்பதில்லை, குழு அழைப்பில் அவள் பெயர் நாள் முழுக்கக் கிடக்கும், வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு மாதிரி, யார் கவனிக்கிறார்கள்... மணி நாலேகால், திரையில் இரண்டாவது சண்டை ஓடுகிறது, குட்டையன் அடி வாங்கிக்கொண்டே கத்துகிறான், "அண்ணி இல்லாம எவ்வளவு நிம்மதி பாரு, வாய்விட்டுத் திட்ட முடியுது", வாத்தியார் சிரிக்கிறார், "யாரோட யார் மோதணும்னு பட்டியல் போடுவாங்க, தோத்தா பாடம் வேற எடுப்பாங்க, அது என் வேலை இல்லையா?" சரி, கொழுந்தன் ஏதாவது சொல்வான், ஆள் குறைகிறது என்று கெஞ்சிக் கூத்தாடி அவளைச் சேர்த்ததே அவன்தானே... "அஞ்சுக்குத்தான் வரச் சொல்லியிருக்கேன், அதுக்குள்ள நாலு ஆட்டம் அடிச்சிரலாம்." அவ்வளவுதான் சொன்னான்.

வாரத்தில் ஆறு நாள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்று கத்திக் கத்தித் தொண்டை காய்ந்தவளுக்கு இருப்பது இந்த ஒரு ஞாயிறு, இவன்களிடம் ஆள் ஆளாக நேரம் கேட்டு, ஒருத்தன் வந்தால் ஒருத்தன் வராமல், யார் கேட்டார்கள் இதையெல்லாம்? மைக்கைத் திறந்து நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன... விரல் பொத்தான்வரை போய் நின்றது. நேரத்தைத் தள்ளிச் சொல்லும் இந்த வித்தையை இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அவள்தான். போன வருஷம், கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிட்டவனுக்காக, ஐந்தாவது ஆளாக இருந்தானே, தோற்றால் கண்ட்ரோலரைக் குறை சொல்லியே எல்லோர் உயிரையும் எடுத்தவன், அவனுக்கு மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிச் சொல்லுவோம், மனசும் நோகாது என்று அவளேதான் சொன்னாள், பிறகு அவன் வருவது தானாகவே நின்றுபோனது, எல்லோருக்கும் நிம்மதி.

சரியாக அஞ்சு மணிக்கு, "அண்ணி, இருக்கீங்களா? ஆரம்பிக்கலாமா?" அதே மரியாதை, அதே பாசம், கொழுந்தன்தான். "அண்ணி?"

"பேரு இருக்கு, சத்தத்தையே காணோம்" என்றான் குட்டையன். "நெட் சரியில்ல போல."

வராமல் போவதற்கு முன் கண்ணாடியின் பெயரும் இதே அழைப்பில்தான் இருந்தது, கூப்பிட்டால் பதில் வராது, நெட் சரியில்லை போல என்று அன்று சொன்னவளும் அவள்தான்... அது நெட்தானா? எத்தனை வாரம் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தான்?