இடது மூலை

பிரிஸில்லா கோலில் நின்றால் பந்தை எங்கே அடிப்பது என்று எதிரணிப் பெண்கள் திணறுவார்கள். பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரம் வந்து படித்தவள். கல்லூரி ஹாக்கி அணியில் சேர்ந்த முதல் வருடமே பல்கலைக்கழக அணிக்கும் அவள்தான் கோல்கீப்பர். இரண்டு வருடத்தில் அவள் விட்ட கோல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பயிற்சியாளர் ஜெயனுக்கு அது போதவில்லை. பயம் போக வேண்டும் என்று பயிற்சியின்போது அவளுடைய ஹெல்மெட்டைக் கழற்ற வைப்பார். மூன்றாம் வருடம் நவம்பரில் ஒரு பந்து எகிறி வந்து இடது கண்ணில் பட்டது. ஐந்து நிமிடம் ஐஸ் வைக்க விட்டார். பிறகு மறுபடி கோலில் நிறுத்தினார்.

டிசம்பரில் அந்தக் கண்ணில் கறுப்புத் திரை ஒன்று ஓரத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. அதை ரெம்யாவிடம் மட்டும் சொன்னாள். ரெம்யாவும் அதே ஊர், அதே ரயில். அணியில் தடுப்பாட்டக்காரி, பெனால்டி கார்னர் கிடைத்தால் அடிப்பவளும் அவள்தான்.

"ஆருகிட்டயும் மிண்டாத, கேட்டியா," என்றாள் ரெம்யா. "இடப்பக்கம் நான் பாத்துக்கிடுதேன். டூர்ணமென்ட் முடியட்டு, பிறவு ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். ஜனவரிப் போட்டிகளில் அந்தப் பக்கம் வந்த பந்தையெல்லாம் ஸ்டிக்கால், முழங்காலால், ஒருமுறை வயிற்றால்கூடத் தடுத்தாள். கோப்பை கிடைத்தது. சிறந்த கோல்கீப்பர் விருது பிரிஸில்லாவுக்கு. ரெம்யாவின் பெயரை எந்தப் பத்திரிகையும் போடவில்லை.

விருது வாங்கிய இரண்டாம் வாரம் மாநில அணிக்குத் தேர்வு. ஆஸ்பத்திரி மறுபடி தள்ளிப்போனது. தேர்வு ஆட்டத்தில் இருவரையும் எதிரெதிர் அணியில் போட்டார்கள். ரெம்யாவுக்கு நான்கு பெனால்டி கார்னர்கள். நான்கையும் பிரிஸில்லாவின் இடது மூலைக்கே அடித்தாள். நான்கும் கோல்.

திரும்பும் ரயில் நெய்யாற்றின்கரையைத் தாண்டியதும் பிரிஸில்லா கேட்டாள்.

"ஏட்டி, எதுக்கு அப்பிடிச் செஞ்ச?"

"உனக்க முன்னால மூணு வருசம் நின்னேன். ஒருத்தனும் என்னப் பாக்கல. இன்னைக்குப் பாத்தானுவ." ரெம்யா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. "உன்னத் தோக்கடிக்க எனக்கு அந்த ஒரு வழிதான் தெரியும்."

ரெம்யா தேர்வானாள். பிரிஸில்லாவின் கண்ணைப் பார்த்த டாக்டர், விழித்திரை முழுதும் பிரிந்துவிட்டது என்றார். அடிபட்டவுடன் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம்.

ஜெயன் போனில் கேட்டார். "அடிபட்ட அப்பவே எங்கிட்ட பறயாண்டாமா? செரி, கால் பேடும் கிளவுஸும் காலேஜ் சாதனம். திங்கக்கிழமை கொண்டு வா. புதுப் பிள்ளைக்கு வேணும்."

கொண்டுபோனாள். புதுப் பெண் பேடை முகர்ந்து மூக்கைப் பொத்தினாள். "அய்யே, என்ன நாத்தம் சார்!"

ஜெயன் சிரித்தார். சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள்.

"ரெண்டு நாள் வெயில்ல போடு. போயிரும்," என்றாள் பிரிஸில்லா.

வெளியே வரும்போது இடது தோள் கதவில் மோதியது. அதற்கும் உள்ளே யாரோ சிரித்தார்கள்.