மதியத்தில் மட்டும் தொலைவதில்லை

எங்கள் நிறுவனத்துக்கு ஊருக்கு ஊர் கிடங்கு. லேபிள் அச்சடிப்பது, சரக்கைச் சரிபார்ப்பது, லாரிக்குச் சீட்டு அனுப்புவது என்று கணினிக்கு ஓயாத வேலை. முன்பெல்லாம் எல்லாமே கடிகாரம் பார்த்து ஓடின. ஒன்று தாமதமானால் அடுத்தது அதன் மேல் ஏறி விழும். அதனால் க்யூ முறைக்கு மாறினோம். ஒவ்வொரு வேலையும் ஒரு செய்தியாக வரிசையில் நிற்கும். கையொழிந்த சர்வர் முன்னால் நிற்பதை எடுத்துச் செய்து முடிக்கும். சோதனைக்காக முதலில் ஒரே ஒரு சர்வரை விட்டிருந்தோம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! நானும் அதில்தான் மயங்கினேன்.

வரிசையை அமைத்தது நான். அதில் செய்திகளைப் போடும் நிரலை எழுதியது தாடி. தாடி என் தங்கையின் கணவன். இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்ட புண்ணியவானும் நானே. இப்போது போட்ட செய்திகளில் பாதி மாயமாகிக்கொண்டிருந்தன. லேபிள் ஒட்டாத பெட்டிகளோடு லாரிகள் நின்றன. சாயங்காலத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் தாடியை வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

ஏன் தாடி? மதியச் சாப்பாட்டு வேளையில் மட்டும் ஒரு செய்திகூடத் தொலைவதில்லை. அந்த வேளையில் தாடி இடத்தில் இருப்பதில்லை.

"அவன் எழுந்து போனா எல்லாம் சரியா ஓடுது. வந்து உட்கார்ந்தா தொலையுது. இதுக்கு மேல என்னய்யா வேணும்?" என்றார் மேலாளர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இங்கே மேலாளர், வீட்டில் தங்கை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தாடி மேல் எனக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. தொலைவதில் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒன்று விட்டு ஒன்று. சட்டைப் பொத்தானையே மாற்றிப் போடுகிறவனுக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வரும்? அதை யோசிக்க யோசிக்கக் கோபம் போய், என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடும் ஆசை பிடித்துக்கொண்டது.

"மாப்ளே, இன்னைக்கு நீ சாப்பிடப் போகாதே."

"பசிக்குது மச்சான்."

"இங்கேயே சாப்பிடு. நான் வாங்கிட்டு வரேன்."

அவனுடைய டீ கோப்பையும் தங்கையோடு எடுத்த படமும் காலையிலேயே மேசையிலிருந்து பைக்குள் போயிருந்தன.

மதியம் தாடி ஒரு கையால் சாப்பிட்டான், இன்னொரு கையால் தட்டிக்கொண்டே இருந்தான். ஒன்றுகூடத் தொலையவில்லை.

"மச்சான், நான் இங்கேதானே இருக்கேன்?"

"இருக்கே. அப்ப நீ காரணம் இல்ல. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அப்புறம்தான் உறைத்தது. இத்தனை நாளும் செய்தியைப் போடுகிறவனையே முறைத்துக்கொண்டிருந்தோம். எடுப்பது யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. வரிசையிலிருந்து எடுப்பவர்களின் பட்டியலைத் திறந்தேன். ஒரே பெயர், எங்கள் சர்வர். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு வேளை முடிந்து நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டபோது, பட்டியலில் இரண்டாவதாக ஒரு வரி முளைத்தது. பெயர் கிடையாது, வெறும் எண். உடனே ஒரு செய்தி காணாமல் போனது.

"ஏதோ ஒண்ணு இப்பத்தான் முழிச்சிருக்கு. வா!"

தாடி அதே பட்டியலைத் தன் செல்போனில் திறந்துகொள்ள, இருவரும் ஓடினோம். அச்சு அறை பூட்டியிருந்தது. கூட்ட அறையில் ஈ காக்கை இல்லை. வரவேற்பறையில், வரவேற்பாளர் அம்மா சுவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே பெரிய திரை ஒளிர்ந்தது. 'நமது வேலைகள் நேரலையில்' என்று தலைப்பு. அதன் கீழே வரிவரியாக நாங்கள் தொலைத்த செய்திகள்.

"இதை அணைச்சு வச்சிருந்தீங்களா?"

"சாப்பிடற நேரம் மட்டும்தான் சார், கண்ணு கூசுது. மேலாளர்கிட்ட சொல்லிடாதீங்க. ஏற்கெனவே ஒரு தடவை திட்டு வாங்கியாச்சு."

எங்கள் வரிசையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போக வழியில்லை. எடுத்தால்தான் படிக்க முடியும். ஒருவர் எடுத்தது அடுத்தவருக்கு இல்லை. ஒன்று சர்வருக்குப் போனது, ஒன்று திரைக்குப் போனது. சர்வர் வேலையைச் செய்தது. திரை படித்துக் காட்டிவிட்டுத் தூக்கி எறிந்தது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து மேலாளர் இரண்டு வாடிக்கையாளர்களோடு உள்ளே வந்தார். திரையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"பாருங்க, எங்க வேலை ஒவ்வொண்ணும் இதுல தெரியும். நானே உட்கார்ந்து இணைப்புக் குடுத்தேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் தாடி முந்திக்கொண்டான். இத்தனை நாள் தலை குனிந்தே நின்றவன் அவன்.

"ஆமா சார். இதுல தெரியற எதுவுமே நடக்கல சார்."

மேலாளர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் தானே போய்ச் சுவர் சுவிட்சைத் தட்டினார். தாடியின் செல்போனில் அந்த இரண்டாவது வரி மறைந்தது.

"அதைத்தானே சார் நான் தினமும் பண்ணிட்டிருந்தேன்?" என்றார் வரவேற்பாளர் அம்மா.

மேலாளர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம் தாடியிடம், "திரைக்கு நகல் மட்டும் போற மாதிரி தனி வரிசை போட முடியுமா?" என்று கேட்டார்.

"போடலாம் சார். ஆனா சாயங்காலத்துக்குள்ள முடியாது. நான் நாளைக்கும் வரணும்."

"வாங்க" என்றார் மேலாளர்.